மேகம் இல்லையா, கண் தெரியவில்லையா? டெல்டாவில் சீலோமீட்டரோடு சில வருடங்கள்

திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரி மொட்டைமாடியில் மேக உயரத்தை அளக்கும் சீலோமீட்டரும், வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் மீன்கண் கேமராவும் சில வருடங்களாக ஓடுகின்றன. பராமரிப்பு என் பொறுப்பு. இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் துல்லியம் எத்தனை மீட்டர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: பார்க்க முடியாத நேரத்தில் கருவி ‘தெரியவில்லை’ என்று சொல்லுமா, ‘மேகம் இல்லை’ என்று எழுதிவிடுமா?

சீலோமீட்டர் லேசர் துடிப்பை மேலே அனுப்பி, அது மேகத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் சொல்கிறது. 1500 மீட்டரில் மேகம் என்றால் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கில் ஒளி போய்த் திரும்பிவிடும். திரும்பி வருவது துளி வெளிச்சம்தான், அதனால் மேலே உள்ள கண்ணாடி சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். இங்கேதான் டெல்டா வேலையைக் காட்டுகிறது. தையில் சம்பா அறுப்பு மெஷின் இறங்கினால் பதர்த்தூசி, வைக்கோல் கொளுத்தினால் கரி. விடியற்காலைப் பனியில் இரண்டும் குழைந்து கண்ணாடியில் பசைபோல் ஒட்டிக் காயும். முதலில் காணாமல் போவது உயர மேகங்கள், ஏனென்றால் அங்கிருந்து வரும் ஒளியே சொற்பம். தரவுக் கோப்பைத் திறந்தால் வானம் நிர்மலம்! கண்ணாடி அழுக்கு என்ற எச்சரிக்கையும் வருகிறது, ஆனால் அது தனியாக, கருவி தன் நிலைமையைச் சொல்லும் நிலைச் செய்தியில். மேக உயரத்தை மட்டும் சேமிப்பவர் கண்ணில் அது படவே படாது.

கண்ணாடிக்குக் காற்று ஊதும் விசிறி இருக்கிறதே என்பீர்கள். ஒருமுறை அதன் காற்று நுழையும் வாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. விசிறி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, காற்றுதான் வரவில்லை. “சார், மேல கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கிடக்கு” என்று வாட்ச்மேன் சொன்ன பிறகுதான் கழற்றிப் பார்த்தோம்.

அடுத்து வெயில். நடுப்பகல் சூரியன் நேராகக் குழலுக்குள் இறங்கினால் உணரி கெட்டுப்போகும். அதனால் கருவியை வடக்கே கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே நிற்கும் நாடுகளுக்கு அது சரி. நமக்கு ஏப்ரல் நடுவில் உச்சந்தலைக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகலில் வடக்கேதான் நிற்கிறது. ஜூன் 21 வாக்கில் 12 பாகைக்கும் சற்று மேல். அதாவது, 12 பாகை சாய்த்து வைத்தால் சூரியனுக்கே குறிவைத்த மாதிரி! நாங்கள் 20 பாகை சாய்த்தோம். அப்போது கருவி அளக்கும் 1000 மீட்டர் சாய்தூரம், உண்மை உயரத்தில் 940 மீட்டர்தான். சில மாடல்கள் தாமே திருத்திக்கொள்ளும், சிலவற்றில் கோணத்தை நாம் கொடுக்க வேண்டும். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி அடைமழையில் மேக அடித்தளம் 200 மீட்டர் என்று வந்தால் பெரும்பாலும் அது மழைத்துளிதான். பக்கத்தில் ஒரு மழைமானி இருந்தால் அந்த நேரத்தைத் தள்ளிவிடலாம்.

கேமரா விலை குறைவு, தொல்லை அதிகம். சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து மேகத்தைப் பிரிக்கிறது, அதனால் அறுவடைக் காலப் புகைமூட்டமும் சூரியனைச் சுற்றிய வெண்மையும் மேகக் கணக்கில் சேர்ந்துவிடும். காக்கை எச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு உபகாரம் உண்டு. கரண்ட் போய் வந்ததும் கணினிக் கடிகாரம் தடுமாறினால், படத்தில் சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிட்ட இடத்தோடு ஒப்பிட்டாலே பிழை தெரிந்துவிடும். இந்திய நேரத்துக்கும் உலகநேரத்துக்கும் (UTC) இடையிலான ஐந்தரை மணிநேரக் குழப்பமும் அப்படித்தான் மாட்டியது.

காரைக்கால் டாப்ளர் ரேடார் மழையைக் காட்டும். மழை தராத மேகம் எவ்வளவு தாழ்வில் நிற்கிறது என்று அறிய சீலோமீட்டர்தான் வேண்டும், அதனால் மறுபடியும் வாங்கச் சொன்னாலும் வாங்குவேன். மேக உயரத்தோடு மூல எதிரொளித் தரவையும் (திரும்பி வந்த ஒளியின் அளவு) நிலைச் செய்தியையும் சேமியுங்கள், மின்சாரம் போன நேரம் கோப்பில் சுழியாக விழுகிறதா, காலியாக விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம், விசிறி மோட்டார் ஒன்று உபரியாகக் கையில் இருக்கட்டும். ஐப்பசியில் ஆர்டர் போட்டால் பொங்கலுக்குத்தான் வருகிறது.