சாம்பலுக்கு எந்தக் கலம்: குடமா, குடிசையா?

கி.மு. 9ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பலரும் இறந்தவரை எரித்து, சாம்பலையும் எலும்புத் துண்டுகளையும் ஒரு கலத்தில் இட்டுக் குழியில் புதைத்தார்கள். அந்தக் கலங்களில் இரண்டு வகை என்னை விடாமல் இழுக்கின்றன.

முதலாவது, 1853இல் பொலோனியா அருகே வில்லனோவாவில் கொசாதீனி என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கியபோது வெளிப்பட்ட மண்குடம். இடுப்பு பருத்து, மேலும் கீழும் குறுகியது. உடலெங்கும் கீறல் கோலங்கள். கைப்பிடி இரண்டு இருந்தால் ஒன்றை வேண்டுமென்றே உடைத்துவிடுவார்கள். மூடி பெரும்பாலும் கவிழ்த்த கிண்ணம்தான். சில ஆண்களுக்கு மட்டும் தலைக்கவசம். அதை மாட்டியதும் குடம் ஓர் ஆளாகவே நிற்கிறது!

ரோமைச் சுற்றியுள்ள லாத்தியம் பகுதிக்குப் பேர்போன இரண்டாம் வகை, குட்டிக் குடிசை. வாசலுக்குத் தனிக் கதவு. கூரைமேல் மரச்சட்டங்கள்கூடக் களிமண்ணில். 1948இல் ரோமின் பலாத்தீன் குன்றில் குடிசைகளின் கம்பக்குழிகள் வெளிப்பட்டன. அவற்றின் மேல் சுவரும் கூரையும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இந்தப் பொம்மை வீடுகள்தாம் கைகொடுத்தன.

எண்ணிக்கையில் குடம்தான் முந்துகிறது. எனக்கோ செத்தவரைவிட அவர் குடியிருந்த வீட்டின்மேல்தான் ஆசை. என் ஓட்டு குடிசைக்கே.