கப்பலில் ஒரு கடல்நாளா, வள்ளத்தில் ஒரு காலைப்பொழுதா?

எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் விடிந்ததிலிருந்து இரவு வரை கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் நாளைச் சொகுசுக் கப்பல் பயணத்தில் கடல்நாள் என்பார்கள். 2023இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிச் செல்லத் தொடங்கிய பிறகு, அப்படியொரு பயணம் போய்வரும் ஆசை நம்மவர்கள் சிலருக்கும் வந்திருக்கிறது. கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன புதுமை, திருகோணமலைக் கரையில் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு பைபர் வள்ளத்தை அமர்த்தித் திமிங்கிலம் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஓய்வு வேண்டுமென்றால் கப்பல், கடல் வேண்டுமென்றால் வள்ளம் என்பதே என் தீர்ப்பு.

பார்வையில் இருந்து தொடங்கலாம். வள்ளத்தில் நிற்பவரின் கண், நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருக்குமானால், அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் முடிந்துவிடும். 30 மீற்றர் உயரத்திலுள்ள கப்பலின் மேல்தளத்துக்கு ஏறினால் அது 20 கிலோமீற்றர் வரை விலகிப் போகும். அவ்வளவு விரிந்த கடலைக் கரையில் நின்று ஒருநாளும் காண முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அலைகூட ஒரு சுருக்கமாகத்தான் தெரியும். பறவை மீன் எழுந்து பறப்பதோ, நீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் இடமோ கண்ணில் படாது.

வள்ளத்தில் அந்த நிறமாற்றமே முதல் அறிகுறி. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குவதால், கரை மலைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே திமிங்கிலங்கள் வந்து போகின்றன. ஓட்டி இயந்திரத்தை நிறுத்தியதும் எரிபொருள் மணம் மெல்லக் கலையும், வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் மோதும் ஓசை மட்டும் கேட்கும். பிறகு எங்கோ ஒரு பக்கத்தில் நீலத் திமிங்கிலம் மூச்சை வெளிவிட, நீராவித் தூண் சுமார் 9 மீற்றர் உயரத்துக்கு எழும். அது அமிழ்ந்த பிறகு பத்து நிமிடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். கப்பல் அப்படி ஒருபோதும் காத்திருக்காது. அதற்கு நேரம் தவறாமல் அடைய வேண்டிய அடுத்த துறைமுகம் இருக்கிறது.

உடல்நலத்தைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் பெரும்பாலான சொகுசுக் கப்பல்களின் அடிப்பகுதியில் உண்டு. பைபர் வள்ளத்துக்கோ அந்த வசதி கிடையாது, நிழலும் குறைவு, கழிவறையும் இல்லை. மூட்டுவலியுள்ள அம்மம்மாவையும் நான்கு வயதுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, நாலைந்து மணிநேரம் வெயிலில், ஒரு மாலுப்பாணும் தண்ணீர்ப் போத்தலுமாக இருப்பது உல்லாசம் ஆகாது. அத்தகைய குடும்பத்துக்குக் கப்பலையே நான் சொல்வேன்.

ஆயினும் கடல்நாளில் பொறுமையைச் சோதிப்பது ஆட்கூட்டம். கரையிறங்க இடமில்லாததால் எல்லோரும் கப்பலுக்குள்ளேயே இருப்பார்கள், காலை உணவு முடிவதற்குள் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்கதிரைகளில் துவாய் விரித்து இடம் பிடித்திருப்பார்கள், ஒலிபெருக்கியோ ஓயாது. கடலைப் பார்க்க விரும்புபவர், உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்தை ஒட்டிய நடைதளத்துக்கு இறங்கிவிட வேண்டும். நீர் அருகில் தெரியும், சத்தம் குறைவு, ஆட்டமும் அங்கே குறைவுதான். கடைகளும் சூதாட்டக் கூடமும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மூடியிருக்கும் என்பதால் அவற்றுக்கும் கடல்நாளே பெருநாள், எனக்கு அவற்றில் நாட்டமில்லை. இன்னொன்று: கப்பல் திருகோணமலையில் நிற்கும் நாளில் மற்றவர்கள் கோணேசர் கோயிலுக்குப் புறப்படுவார்கள், பலமுறை கும்பிட்டு வந்த நம்மவர்கள் கப்பலிலேயே தங்கினால் நீச்சல் குளம் முழுவதும் நமக்குத்தான்.

செலவை ஒப்பிடும்போது கப்பல் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சென்னையில் ஏறுவதானால் விமானச் சீட்டும் இந்திய விசாவும் அதனுடன் சேரும். நடுக்கடலில் கைபேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாக இணைந்தால் பில் தலைக்கு மேல் போகும், ஆகவே ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. வள்ளத்துக்கு ஆள்சேர்ந்து பங்கிட்டால் போதும். ஆனால் வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் நம் கடல் சிறு வள்ளத்துக்கு உகந்ததன்று. கிழக்குக் கரை அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையே அதற்குரிய காலம்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை இந்தப் போட்டியில் சேர்ப்பவர்களும் உண்டு. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் இருக்கும், 2003இல் தேசியப் பூங்காவான அந்தத் தீவில் முருகைக் கற்களும் செட்டை நுனி கறுத்த சுறாக்களும் பார்க்கத் தக்கவை என்றாலும், அங்கே கழிவது குளிக்கும் நாளே தவிர கடல்நாள் அல்ல.

கப்பலையே தேர்ந்தெடுப்பவர்கள், பணம் இடம் கொடுத்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், குறைந்தது ஒரு சன்னலாவது உள்ள அறையைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். சன்னலில்லாத உள்ளறை மலிவு, ஆனால் கடல்நாளில் விடிந்ததா இல்லையா என்று அறியவே மேலே ஏறிப் போக வேண்டியிருக்கும்.