'டி2' என்று பொறித்த மடக்குக் கத்தி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இணையத்தில் 'டி2 ஸ்டீல்' (தேயாமல் உழைக்கும் ஒரு வகைக் கருவி இரும்பு) என்று போட்டு விற்கும் மடக்குக் கத்திகளில் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய கத்தியின் பிளேடில் டி2 என்று லேசரில் பளிச்சென்று பொறித்திருந்தது. ஆனால் அது டி2 இல்லை. சோதனைக்கூட அறிக்கை கையில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கோவையில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். டி2 எங்களுக்கு அன்றாடம் கையில் புழங்கும் இரும்பு. எச்சிஎச்சிஆர் (ஹை கார்பன் ஹை குரோமியம்) என்று கேட்டால் மெட்டீரியல் கடையில் எடுத்துப் போடுவது இந்த வகையைத்தான். தகடு வெட்டும் பஞ்ச், டை எல்லாம் இதில்தான் செய்கிறோம். சுமார் ஒன்றரை சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம், ஒரு சதவீதத்தை ஒட்டி மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வரும்போது கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58, 60 இருக்கும். தேயாமல் உழைப்பதுதான் இதன் குணம்.

விலையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. 5,999 ரூபாய் எம்ஆர்பி என்று அடித்துவிட்டு 1,899க்குக் கொடுத்தார்கள். அந்த விலைக்கு உண்மையான டி2 கத்தியைத் தரும் தயாரிப்பாளர்களும் சந்தையில் இருக்கிறார்கள். டி2 ஒன்றும் தங்கம் இல்லை. அதனால் 'விலை குறைவு, அதனால் போலி' என்று முடிவு கட்டவும் வழியில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாக இருப்பதும் இதுதான்.

கத்தியை நான் பயன்படுத்தியது சாதாரண வேலைகளுக்கு. அட்டைப்பெட்டி திறப்பது, பிளாஸ்டிக் பேக்கிங் பட்டை வெட்டுவது, சணல் கயிறு, ஒயர் உறை சீவுவது, மதியம் ஒரு மாங்காயோ கொய்யாவோ நறுக்குவது. சில நாட்களிலேயே பேக்கிங் பட்டையில் வழுக்க ஆரம்பித்தது. அட்டை கூர் மழுங்க வைக்கும் என்பது தெரியும். ஆனால் டி2 இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது வேறொன்று. கத்தி துருப்பிடிக்கவே இல்லை. எங்கள் டூல் ரூமில் மழைக்காலத்தில் எண்ணெய் தடவாமல் வைத்த பஞ்சில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். 12 சதவீதம் குரோமியம் இருந்தும் ஏன் என்றால், அதில் கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாகப் போய்விடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்தக் கத்தியோ மாங்காய் நறுக்கி, துடைக்காமல் ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் வாங்கின புதிதில் இருந்த மாதிரியே மின்னியது. விற்பனைப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'டி2, துருவே பிடிக்காது' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். எழுதியவருக்கு டி2 தெரியவில்லை, அல்லது விற்பது டி2 இல்லை.

சாணை பிடிக்கும்போது மீதிச் சந்தேகமும் தீர்ந்தது. டி2வை ஆயிரம் கிரிட் கல்லில் தேய்த்தால் கல் வழுக்கும், இரும்பு அசையாது, டைமண்ட் பிளேட் தேடத் தோன்றும். இது நாலு இழுப்பில் கரைந்து கல்லில் கறுப்புச் சாந்தாக ஓடியது. பிசிறு ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் எழும்பி நின்றது. அதை எடுக்க மறுபக்கம் தேய்த்தால் பிசிறு உடையாமல் இந்தப் பக்கம் மடிந்தது. திரும்பத் தேய்த்தால் அந்தப் பக்கம் மடிந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது கூர் முனை அலை அலையாகச் சாய்ந்து கிடந்தது. நன்றாகக் கடினப்பட்ட டி2வின் முனை முறிந்து பல் பல்லாக உதிரும். இப்படிச் சாய்ந்து படுக்காது.

ஹேண்டிலைக் கழற்றி, பிளேடை எங்கள் காஸ்டிங் சாம்பிள்கள் வழக்கமாகப் போகும் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். கைப்பிடிக்குள் மறையும் தட்டையான பகுதியில் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டும் (இரும்பில் எது எவ்வளவு என்று அளப்பது) ராக்வெல்லும் எடுத்தார்கள். வந்த அறிக்கை: கார்பன் 0.3 சதவீதம், குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி, மாலிப்டினமும் வனேடியமும் சொல்லும்படி இல்லை. கடினம் 52. இது 420 வகை, சீனத்தில் 3சிஆர்13 என்று போடும் ஸ்டெயின்லெஸ். மலிவு விலைக் கத்தரிக்கோலும் சமையலறைக் கத்தியும் செய்கிற இரும்பு.

சோதனைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய இரும்பு வியாபாரிகள் சிலர் வைத்திருக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை அளப்பது) கார்பனைக் காட்டாது. குரோமியத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் இரண்டு இரும்பிலும் அது 12, 13 என்று அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். மாலிப்டினம், வனேடியம் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அவை காலி என்றால் அது டி2 இல்லை.

மென்மையான இரும்பு என்பதால் எனக்குக் கோபம் இல்லை. விக்டோரினாக்ஸ் பாக்கெட் கத்தியின் கடினம் 56 தான். அதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லி, உலகம் முழுக்க விற்கிறது. இதையும் 3சிஆர்13 என்று போட்டு 500 ரூபாய்க்கு விற்றிருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன். டி2 என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கிறவரிடம் பொய்யை விற்றிருக்கிறார்கள். கூர் போன கத்தியை மக்கள் அழுத்தி வெட்டுவார்கள், அழுத்தும்போதுதான் கை தவறும். இந்தக் கத்தியின் லைனர் லாக்கும் (திறந்த பிளேடு மடங்காமல் பிடித்து நிறுத்தும் தகட்டுப் பூட்டு) அதே தரம். புதிதில் பிளேடின் அடிப்பகுதியில் சரியாக உட்கார்ந்த பூட்டுத்தகடு, நாளாக ஆக எதிர்ப்பக்கம் வரை நகர்ந்துபோனது. முதுகுப் பக்கம் லேசாகத் தட்டினால் பூட்டு விட்டுவிடுகிறது. விரல் மேல் மடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதே கத்தியை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். கூர்ப்பக்கம் விரல் இல்லாமல் பிடித்து, முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டினால் தெரிந்துவிடும்.

சரி, விற்றவர் என்ன சொன்னார்? முதலில், 'டி2வும் கூர் போகும் சார், சாணை பிடித்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். சாணை பிடித்த விவரத்தை எழுதியதும், 'கல்லில் தேய்த்தால் வாரன்டி கிடையாது' என்று பதில். அறிக்கையை அனுப்பிய பிறகு தொனி மாறியது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நான் எழுதியிருந்த விமர்சனத்தை எடுத்துவிட்டால் 200 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் பெட்டிக்குள் வந்திருந்த சீட்டு நினைவுக்கு வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் குவிந்திருக்கும் பாராட்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை ஆராய்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றும் இல்லை. இவை பெட்டி மேல் இருந்தாக வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. இந்த இரண்டையும் குறிப்பிட்டு, அறிக்கையையும் பெட்டியின் படங்களையும் தயாராக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதுவரை 'விற்பனையாளரைக் கேளுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்த இணையச் சந்தை, அதற்குப் பிறகு கத்தியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோதனைச் செலவு என் கையிலிருந்து போனது. அது வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. நம் ஊர் வியர்வைக்கும் ஈரத்துக்கும், கால்சட்டைப் பையிலேயே கிடக்கிற கத்திக்கு டி2 முதல் தேர்வே இல்லை என்பது என் கருத்து. உண்மையான டி2வாக இருந்தாலும் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டியிருக்கும். 14சி28என் என்ற ஸ்வீடன் இரும்பு எனக்குப் பிடித்தது. சாண்ட்விக் உருவாக்கியது, 2022 முதல் அலெய்மா என்ற பெயரில் வருகிறது. கார்பனைக் குறைத்துக் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருப்பதால் துருவையும் தாங்கும், மெல்லிய கூரையும் தாங்கும், வீட்டுக் கல்லிலேயே சாணை பிடிக்கலாம். செலவைக் குறைக்க நினைத்தால் 8சிஆர்13எம்ஓவி என்ற சீன ஸ்டெயின்லெஸ் போதும். எஸ்30வி, விஜி10 போன்ற விலை கூடிய கத்தி இரும்புகள் எல்லாம் நல்லவைதான், ஆனால் மலிவுக் கத்தியில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். எந்த இரும்பாக இருந்தாலும் ஹீட் ட்ரீட்மென்ட் ஒழுங்காக இல்லையென்றால் பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் கடினம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். இரும்பின் பெயரே வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்பவர்களுக்கு விக்டோரினாக்ஸும் பிரான்ஸின் ஒப்பினெலும் இருக்கின்றன. ஒப்பினெல் எட்டாம் எண் கத்திக்கு எட்டரை சென்டிமீட்டர் பிளேடு, 1955இல் வந்த சுழலும் வளையப் பூட்டு. அந்த வளையம் என்னிடம் இருக்கும் லைனர் லாக்கைவிட எவ்வளவோ நம்பகமானது.

இதே விற்பனையாளர் 'விஜி10 டமாஸ்கஸ்' (நெளிவரிகள் தெரியும் பல அடுக்கு இரும்பு) என்றும் ஒன்று விற்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பிளேடின் நெளிவரிகள் மேலே அச்சடித்த மாதிரி இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே அச்சு. உண்மையான அடுக்கு இரும்பில் வரிகள் மேற்பரப்போடு நிற்காமல் அடுக்குகளுக்குள்ளும் போகும். உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடில் நனைத்தால் கோலம் திரும்பி வரும். மேலே அச்சடித்தது என்றால் போனது போனதுதான்.

கத்தி எடுத்துக்கொண்டு விமான நிலையம், மெட்ரோ பக்கம் போகாதீர்கள். பரிசோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

விற்றவரின் பெயரைப் போட்டு ஏன் பயனில்லை என்றால், என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கம் காணாமல் போய், அதே கத்தி வேறு இரண்டு பெயர்களில் வந்துவிட்டது. படம்கூட மாறவில்லை. அடையாளம் சொல்கிறேன்: கறுப்பு ஜி10 (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) கைப்பிடி, பிளேடின் இடது பக்கம் மட்டும் டி2 என்ற எழுத்து, தயாரித்தவர் முத்திரை எங்கும் இல்லை, கிளிப்பில் இரண்டு திருகு, பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி இல்லை, உள்ளே ஐந்து நட்சத்திரச் சீட்டு. இந்த மாதிரி ஒன்று உங்களிடம் இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புகார் பதியும்போது அந்தப் பெட்டியின் படத்தைத்தான் முதலில் கேட்டார்கள்.