கழற்றிப் பூட்டுவதா, குறைத்துப் பார்ப்பதா, மாற்றிப் போடுவதா?

சுவிட்சை அமத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும், மொனிற்றர் கறுப்பாகவே கிடக்கும். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் இப்படி அடம்பிடித்தபோது மூன்று விதமாகவும் பார்த்தேன்.

முதலில் எல்லாரும் சொல்வதைத்தான் செய்தேன், எல்லா இணைப்பையும் கழற்றித் திரும்பப் பூட்டுவது. இலங்கையில் மல்லாவியில் கிரவல் றோட்டுக் கரையில் வீடு, கோடையில் பெட்டிக்குள் செம்மண் மா மாதிரிப் படிந்திருக்கும், ஆகவே இது வீண் வேலை இல்லை. சுவர்ப் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைச் சில நொடி அமத்திப் பிடித்து மிச்சக் கரண்டைப் போகவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வைக்க வேண்டும். ராமின் (தற்காலிக நினைவகப் பலகை) பொன்னிறப் பல்லை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். எல்லாப் பாகமும் பூட்டும் மதர்போட்டின் 24 ஊசிப் பிளக், கணக்குப் போடும் சிப்பான சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 ஊசிப் பிளக், இரண்டையும் பார்த்தேன். பின்னதை மறப்பவர்கள்தான் அதிகம். கொம்பியூட்டர் ஓடியது! பன்னிரண்டாம் நாள் திரும்பவும் அதே கதை. இந்த முறையின் குறையே இதுதான்: சரிவந்தாலும் எது பிழை என்று சொல்லாது.

அப்புறம் கடைக்காரர் வழி, மாற்றிப் போடுவது. கடையில் ராக்கை நிறையப் பாகம் இருக்கும், அவர்களுக்கு இதுதான் சுருக்கு. எனக்கு மாங்குளம் போய் ஏ9 நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால்தான் பாகம். இரவல் கிடைத்தாலும் டிடிஆர்3 வகை ராம் டிடிஆர்4 வகைத் துளையில் ஏறாது, வெட்டு வேறு இடத்தில். இன்னொரு பொல்லாத விஷயம்: பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை, வயர்கள் தனியாகக் கழலும் வகை என்றால், ஒன்றின் வயரை இன்னொன்றில் போடவே கூடாது. பிளக் அழகாகப் பொருந்தும், ஆனால் சப்ளைப் பக்க ஊசி ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு, ஹார்ட் டிஸ்க் கருகிவிடும். டிஸ்க்கையும் மதர்போட்டையும் இணைக்கும் சாட்டா டேற்றா கேபிளுக்கு மட்டும் மாற்றிப் பார்ப்பதே நல்லது. மலிவு, ஆபத்தில்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 199 ஆம் வரி (டேற்றா வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. நான் கொண்டுபோன கடையில் எதையும் மாற்றிக்கூடப் பார்க்காமல் மதர்போட் போய்விட்டது என்றார்கள், அது வேறு கதை.

கடைசியில் கைகொடுத்தது குறைத்துப் பார்ப்பது. டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி, முன்பக்க ஓடியோ எல்லாம் வெளியே. சிபியு, அதன் விசிறி, ஒரு ராம், பவர் சப்ளை மட்டும். சிபியுவுக்குள்ளேயே திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றாமல் விட வேண்டும். முன் சுவிட்சின் வயரையும் கழற்றி, அது செருகியிருந்த இரண்டு ஊசியையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன், சுவிட்சை அமத்துவது மாதிரித்தான். திரை வந்தது. அப்படியென்றால் மதர்போட் சாகவில்லை. ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி ஒன்றொன்றாகச் சேர்த்தேன், அலுப்புத்தான், ஒன்றரை மணித்தியாலம் போனது. முன்பக்க யுஎஸ்பி வயரைச் செருகியதும் விசிறி பழையபடி அரைச் சுற்று.

டோர்ச் அடித்துப் பார்த்தால், முன் யுஎஸ்பி துளையின் நாக்கு உடைந்து, ஒரு தகடு வளைந்து வெளி உலோகத்தில் உரசிக்கொண்டிருந்தது. மகன் பென்டிரைவைத் தலைகீழாக இடித்த வேலை. 5 வோல்ற் நேராக எர்த்துக்குப் போக, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்ற நின்றிருக்கிறது. முதல் தடவை எல்லாவற்றையும் ஆட்டியதில் தகடு கொஞ்சம் விலகியிருக்கும், அதுதான் அந்தப் பன்னிரண்டு நாள்.

மல்ட்டிமீற்றர் இருந்தால் 12 வோல்ற் வயரில் 11.4 முதல் 12.6 வரை வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் சுமை (பாகங்கள் இழுக்கும் கரண்ட்) இல்லாமல் சரியாகக் காட்டும் சப்ளை சுமையில் விழவும் கூடும், அதனால் அதை நான் நம்பி முடிவெடுப்பதில்லை.

அந்த முன் யுஎஸ்பி வயரைக் கழற்றி, றப்பர் பான்ட் போட்டு ஓரமாகக் கட்டிவிட்டேன். பென்டிரைவ் இப்போது பின்பக்கத்தில்தான்.