அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகள்

டொராண்டோவிலிருந்து மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 72 வயது, சுகரும் உண்டு பிரஷரும் உண்டு. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு "மாத்திரை போட்டியாம்மா?" என்பேன். "போட்டேன்டா" என்பாள். அதோடு என் கடமை முடிந்தது.

போன மூன்றாம் நாள் காலை, தோளில் பையோடு பக்கத்துத் தெருப் பெண் வந்தார். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள்; மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். செய்தியில் படித்தபோது ஏதோ கூரியர் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

கொல்லையிலிருந்து வந்த அம்மாவை உட்காரவைத்து, "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க பெரியம்மா" என்றார். அம்மாவால் ஆகிற காரியமா? நான் வந்த கதையை எடுத்துவிட்டாள். பிரஷர் மெஷின் 168 காட்டியது. கையைத் தலையணைமேல் வைக்கச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். 156க்கு 92. அப்போதும் கூடுதல்தான். இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு, "பழைய அட்டையக் கொண்டாங்க" என்றார்.

சுகருக்கான மெட்ஃபார்மின் கணக்குச் சரி. பிரஷருக்கான ஆம்லோடிபின் மட்டும் பதினான்கு மிச்சம். அவர் திட்டவில்லை. அம்மாவின் கணுக்காலில் விரலால் அழுத்தி எடுத்தார், குழி விழுந்தது. "கால் வீங்குதுன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறீங்களா?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அந்த மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்குமாம். இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் எனக்குத் தெரியாதது, அட்டையை எண்ணியவருக்குத் தெரிந்துவிட்டது.

மாத்திரையை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. "நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டிடுங்க" என்றார். காட்டினோம். டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி, வேறு மாத்திரை எழுதினார்.

கிளம்புமுன் வாசலில் கொஞ்சம் பேசினார். "தன்னார்வலர்னு பேரு, அதனால ஊக்கத்தொகைண்ணே, சம்பளம் இல்ல." பார்த்ததையெல்லாம் ஆப்பில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காத நாளில் ராத்திரி மொட்டை மாடியில் நின்று ஏற்றுகிறார். மெஷினுக்கு பேட்டரி தீர்ந்தால் பல நேரம் கைக்காசு. நாற்பது வயது ஆம்பளைகளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு என்றார். காலையில் போனால் வீடு பூட்டியிருக்கும். சாயங்காலம் போனால் "எனக்கென்ன வியாதி?" என்று கையை நீட்டவே மாட்டார்கள். பிரஷர் வலிக்காதே, எப்படி நம்புவார்கள்?

"ஒரு மாசம் மாத்திரை பாதிதான் வந்துச்சு. மேல இருக்கறவங்களையா ஏசுவாங்க? வாசல்ல நிக்கிற என்னையத்தான்."

2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. சந்தோஷம். பேட்டரியும் வந்தால் இன்னும் சந்தோஷம். டொராண்டோவில் எனக்குக் குடும்ப டாக்டர் இருக்கிறார், ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கே வருகிறது. ஆனால் என் அட்டையை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து முதல் ஞாயிறு வழக்கம்போலக் கேட்டேன்.

"நீ எதுக்குடா கேக்குற? அவ நேத்தே வந்து எண்ணிட்டுப் போயிட்டா."