மல்லி மொட்டுக்கு வேப்பெண்ணெயா, வேப்பங்கொட்டையா? தண்டையார்பேட்டை மொட்டை மாடி ரிவ்யூ

எங்க மாடில பதினோரு தொட்டி குண்டுமல்லி, சித்திரைல அள்ளிக் குடுக்கும், இந்த வருஷம் பாதி மொட்டு விரியறதுக்கு முன்னாடியே ஊதா கலரா மாறி கொட்டிடுச்சு. ஒண்ண பிரிச்சுப் பாத்தா உள்ள பச்சையா ஒரு புழு, தலை மட்டும் கருப்பு. மொட்டுப்புழு!

பெரம்பூர் பக்கம் ஒரு நர்சரில (பேரு வேணாம்) அரை லிட்டர் வேப்பெண்ணெய் வாங்கினேன், 190 ரூபா. "லிட்டருக்கு 20 மில்லி ஊத்தும்மா, ஒரே அடில போயிடும்"னாரு. நானும் நம்பி மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல போய் அடிச்சேன், ரெண்டே நாள்ல துளிர் எல்லாம் கருகிடுச்சு, புழு அப்படியே ஜம்முனு இருக்கு. மிச்ச பூவ கட்டி மாமியார் தலைல வச்சா, "இன்னாம்மா இது, பேன் மருந்து தடவுன மாறி நாறுது"ன்னாங்க.

எண்ணெய் மேலயே பழி போட்டுட முடியாது. லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்பு கரைச்ச தண்ணில நல்லா கலக்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம் இலைக்கு அடில படுற மாதிரி வாரம் ஒருக்கா அடிச்சதுல செம்பருத்தில இருந்த மாவுப்பூச்சி மூணு வாரத்துல அடங்கிடுச்சு. எறும்பு வரிசையையும் கலைக்கணும், மாவுப்பூச்சிய காவல் காக்கறதே அதுங்கதான். பகல்ல அடிச்சா வெயில்ல வேம்போட வீரியம் சீக்கிரம் போயிடும், தேனீ வர நேரமும் அதான்.

மல்லிக்கு கேட்டது வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள்தான். ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைல கால் கிலோ வாங்கினேன். லிட்டருக்கு 50 கிராம், ராத்திரி ஊறப் போட்டு, துணில வடிகட்டி (ரெண்டு தடவ வடிகட்டுங்க, எனக்கு ஸ்ப்ரேயர் மூக்கு அடைச்சி ஹேர்பின்னால குத்தி எடுக்க வேண்டியதாச்சு), சோப்பு துளி சேர்த்து அன்னைக்கே அடிச்சு முடிச்சிடணும், வச்சு வச்சு அடிச்சா வேலைக்கு ஆகாது. காலைல மொட்டு பறிச்சிட்டு சாயங்காலம் அடிப்பேன். ஊதா மொட்ட தொட்டிலயே உதுத்து விடாம கிள்ளி சோப்புத் தண்ணில போட்டுடுவேன். நாலு வாரம் ஆச்சு, இப்ப தினம் ரெண்டு முழம் தேறுது.

மஞ்சள் ஒட்டு அட்டையும் வாங்கினேன், தண்டம். கண்டெய்னர் லாரி போற ரோடு எங்களுது, நாலே நாள்ல வெள்ளை ஈய விட புழுதிதான் ஜாஸ்தி ஒட்டுச்சு.

தூளுக்கு 4.5, எண்ணெய்க்கு 3, நர்சரிக்காரர் அட்வைஸுக்கு முட்டை. பாட்டில் இன்னும் முக்கால்வாசி இருக்கு, செம்பருத்திக்குன்னு வச்சிருக்கேன், மாமியார் கண்ணுல படாத எடத்துல.