நாகர்கோவில் வரை தாங்குகிற சீட்: நீண்ட நாள் ஓட்டியபின் எழுதுவது

பைக் சீட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நாம் எல்லோரும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்போம். விரல் மெத்தென்று உள்ளே போனால் திருப்தி. கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிறவருக்கு அந்தச் சோதனை போதும். விடிகாலையில் தாம்பரத்தைத் தாண்டிக் கிளம்பி, விக்கிரவாண்டியில் ஒரு டீ குடித்துவிட்டு, உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் என்று போய்க்கொண்டே இருப்பவருக்கு அந்தச் சோதனை எதையும் சொல்லாது. சீட்டின் தரம் மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும். முதல் பத்து நிமிடத்தில் சுகமாக இருக்கும் சீட்டுகளில் பல, மூன்றாவது மணி நேரத்தில் நம்மை நெளிய வைக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீட் விஷயத்தில் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 80 கிலோவை ஒட்டி. வண்டி 350 சிசி, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வகை. வேலை சென்னையில், வீடு நாகர்கோவிலில். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பஸ், ரயில் எல்லாம் இருந்தாலும் வருடத்தில் சில தடவை வண்டியில்தான் போவேன், சில தடவை மனைவியும் பின்னால் வருவார். இந்த ஓட்டத்தில் கம்பெனி சீட், ஜெல் திண்டு, காற்றுத் திண்டு, கடைசியாகக் கடையில் பிரித்துத் தைத்த சீட் என்று நான்கையும் நன்றாகப் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில்தான் இறங்குகிறது. கெட்டியான மரப்பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பின்பக்கம் அடியில் கொடுத்தால் அந்த முனைகள் கையில் தட்டுப்படும். சீட்டின் வேலை அந்த இரண்டு முனைகளையும் தாங்குவது, தாங்கும்போதே எடையைச் சுற்றியுள்ள சதைக்கும் தொடைக்கும் பரப்பிக் கொடுப்பது. பஞ்சு ரொம்ப மென்மையாக இருந்தால் எலும்பு அதை அமுக்கிக்கொண்டு போய் அடியிலுள்ள தட்டிலேயே உட்கார்ந்துவிடும். அப்புறம் எத்தனை அங்குலப் பஞ்சு இருந்தாலும் நாம் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் மேல்தான். அமுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், எரியும், பிறகு மரத்துப்போகும். நிறைய பேர் இந்த நிலையில் "இன்னும் மென்மையா வேணும்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் கெட்டியான பஞ்சும் அகலமான பரப்பும்.

சீட்டில் காசு போடுவதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் கவனியுங்கள், அதுதான் இந்த விஷயத்தில் பாதி வேலை. இரண்டு எலும்பு முனைகளிலும் புள்ளி வைத்த மாதிரி வலித்தால் பஞ்சு போய்விட்டது அல்லது ஆரம்பத்திலிருந்தே மென்மை. நடுவே வால் எலும்பில் வலித்தால், முதுகை வளைத்துக் குந்தி உட்காருகிறோம் என்று அர்த்தம். கால் முன்னால் நீட்டி வைக்கிற க்ரூஸர் வண்டிகளில் இது அதிகம், ஏனென்றால் குழி வரும்போது காலை ஊன்றி எழும்ப முடியாது, அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். உள்தொடை உரசி எரிந்தால் சீட்டின் விளிம்பு கூராக இருக்கிறது, அல்லது முன்பக்கம் தேவைக்கு மேல் அகலம். நீங்கள் அறியாமலே டேங்க் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால், சீட் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழுக்கி முன்னால் வந்தால் எடை எலும்பிலிருந்து விலகி, கவட்டையிலுள்ள நரம்புகள் மேல் விழும். அந்த இடம் மரத்துப்போகிறது என்றால் சீட்டை மாற்றும்வரை நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வண்டியை விட்டு இறங்கிப் பல மணி நேரமாகியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் போவதுதான் சரி.

என் வண்டியோடு வந்த சீட்டில் எனக்கு இரண்டு பிரச்சினைகள்: பஞ்சு மென்மை, முன்பக்கச் சரிவு. திருச்சி வரும்வரை பொறுத்துக்கொள்ளலாம். மேலூர் தாண்டும்போது ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பின்னால் தள்ளி உட்காரவேண்டியிருந்தது.

அடுத்து வாங்கியது, சீட் மேல் போட்டுக்கொள்ளும் ஜெல் திண்டு. ஜெல் எடையைப் பரப்பும் என்பது உண்மைதான், முதல் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவரவில்லை. மே மாதம் மதியம் சாப்பிடுவதற்காக நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், ரெக்சின் சூடு ஐந்து நிமிடத்தில் தணியும். ஜெல் உள்ளே வாங்கி வைத்த சூடு தணிய அரை மணி நேரம் ஆகும். குளிர்ப்பிரதேசத்தில் இருப்பவர்கள் எழுதும் ஜெல் சீட் பாராட்டுகளைப் படித்துவிட்டு இங்கே வாங்குபவர்கள் இதை யோசிக்கவேண்டும். உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கும் மெமரி ஃபோமும் அப்படித்தான். அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். கத்திரி வெயிலில் அது தாங்காமல் அமிழ்ந்துவிடும், மார்கழி விடியலில் ஊட்டியில் கட்டை மாதிரி இருக்கும்.

காற்றுத் திண்டு இவற்றைவிட எவ்வளவோ மேல். சக்கர நாற்காலியிலேயே நாள் முழுக்க இருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமலிருக்கச் செய்யப்பட்ட திண்டுகளின் வழியில் வந்தது இது. ஒன்றோடொன்று இணைந்த சின்னச் சின்னக் காற்றறைகள். ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் காற்று பக்கத்து அறைக்கு நகரும். இதைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் காற்றை அதிகமாக அடித்துவிடுகிறார்கள். அடித்தபிறகு வண்டியில் உட்கார்ந்து, எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம் மட்டும் மிஞ்சும்வரை திறந்துவிடவேண்டும். பந்து மாதிரி உப்பியிருந்தால் வளைவில் வண்டி ஒருபக்கம் சாய நாம் வேறுபக்கம் மிதப்போம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு அந்த மிதப்பு பிடிக்கவில்லை, காற்றைக் குறைத்தபிறகும்தான். ஊட்டி மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் திண்டு தானாகவே உப்பும். வழியில் ஒருமுறை நிறுத்திக் கொஞ்சம் திறந்துவிடவேண்டும். நேரான நாற்கரச் சாலையில் போகிறவர்களுக்கும், பல வண்டி வைத்திருப்பவர்களுக்கும், சீட்டைப் பிரிக்க மனமில்லாதவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது காற்றுத் திண்டைத்தான்.

எனக்கு மலைப்பாதையும் வேண்டும். அதனால் சீட்டைப் பிரித்துத் தைப்பது என்று முடிவு செய்து சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே சந்துக்குள் ஒரு சின்னக் கடை. தைப்பவர் ரெக்சின் கலர் கேட்கவில்லை, "எங்க வலிக்குது சார்?" என்றுதான் முதலில் கேட்டார். அதைக் கேட்டதும் இவரிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். சைக்கிள் கடைகளில் இதைச் செய்வார்கள்: நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைப் படிக்கட்டில் போட்டு, காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அதன் மேல் அழுத்தி உட்கார்ந்தால், எலும்பு முனைகள் இரண்டும் அட்டையில் பள்ளமாகப் பதியும். இரண்டு பள்ளத்தின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் அளவு. பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும், பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதல். அந்த அட்டையை அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதைப் பஞ்சின் மேல் வைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

உறையைக் கழற்றியதும் அவர் என்னை வெறும் பஞ்சின் மேல் உட்காரச் சொன்னார், ஷூ போட்டு, ஓட்டும்போது போடும் பேன்ட்டோடு. கைப்பிடியைப் பிடித்து நிஜமாக ஓட்டுவது மாதிரி உட்கார்ந்தால் நான் எங்கே உட்காருகிறேன் என்பது தெரிந்தது. கம்பெனி சீட்டில் பள்ளம் விழுந்திருந்த இடத்துக்கு நான்கு விரல் பின்னால். அங்கே பழைய பஞ்சை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் தூள் பஞ்சை அழுத்திச் செய்கிற கெட்டியான ரீபாண்டட் ஃபோம், அதன் மேல் 40 டென்சிட்டி ஃபோம் என்று ஒட்டினார். டென்சிட்டி பற்றி ஒரு விஷயம். அது ஒரு கன மீட்டர் பஞ்சில் எத்தனை கிலோ என்ற கணக்கு. பஞ்சு எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லும், எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லாது. ஒரே டென்சிட்டியில் மென்மையானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. கையால் அமுக்கிப் பார்த்து, ரெண்டு அடுக்கையும் சேர்த்து வைத்து உட்கார்ந்து பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

"சாஃப்டா வேணாமாண்ணே?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "இப்ப ஒக்காந்தா கட்டியாத்தான் இருக்கும் சார். திருச்சி போய்ட்டு போன் பண்ணுங்க."

பின்பக்கம் உட்காருமிடத்தை அகலமாக்கினார். முன்பக்க மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கி, சரிவு போகும்படி உயர்த்தினார். விளிம்புகளை கிரைண்டரில் தேய்த்து உருட்டினார். நான் வற்புறுத்திச் சொன்னது ஒன்றே: எலும்பு உட்காருமிடத்தில் தையல் வரக்கூடாது, பைப்பிங்கும் (தையலோடு ஓடும் தடித்த ஓரப்பட்டை) வரக்கூடாது. டைமண்ட் தையல் போட்டோவில் அழகாக இருக்கும், ஆனால் அத்தனை ஊசித் துளையும் மழைத்தண்ணீர் உள்ளே போக வழி. பஞ்சுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றும் போடச் சொன்னேன். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சீட் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தது. மூக்கு ஒடுங்கியதால் சிக்னலில் கால் ஊன்றுவதில் மாற்றமில்லை, முழங்கால் மடிப்பு குறைந்ததில் கூடுதல் சுகம். குள்ளமானவர்கள் உயரத்தைக் குறைக்கப் பஞ்சைச் செதுக்கச் சொல்வார்கள். செதுக்கினால் தாங்குவதற்குப் பஞ்சு மிஞ்சாது, முழங்காலும் இன்னும் மடங்கும். அவர்களுக்கும் மூக்கை ஒடுக்குவதே நல்ல வழி.

முதல் வாரம் கட்டியாகத்தான் இருந்தது. பிறகு பஞ்சு என் உடம்புக்குப் பழகியது. நெடுஞ்சாலையில் ஏற்பட்ட மாற்றம் பெரியது. மதுரை வரை உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவேண்டிய தேவையே வருவதில்லை. கயத்தாறு, நாங்குநேரி தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் தெரியும்போதும் களைப்பு தோளிலும் கண்ணிலும்தான் இருக்கும், இடுப்பில் இருக்காது. ஆனால் எந்தச் சீட்டும் இறங்கி நடப்பதற்கு ஈடில்லை. மணிக்கு ஒருமுறையாவது இறங்கவேண்டும், நடுவில் ஒருசில நொடி ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றால் ரத்தம் ஓடும். நீண்ட தூரம் பைக் ஓட்டுகிறவர்களின் அமைப்பான அயர்ன் பட் அசோசியேஷனின் சேடில்சோர் 1000 ஓட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் போகவேண்டும். அந்த மாதிரி ஓட்டுகிறவர்களில் பலர் தங்கள் அளவுக்குத் தைத்த சீட்டையோ காற்றுத் திண்டையோ நம்புகிறார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

உடுப்பும் சீட்டின் ஒரு பகுதிதான். ஜீன்ஸின் தடித்த தையல் நேராக எலும்புக்கு அடியில் வரும். பருத்தி உள்ளாடை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், தோல் உரியும். விளையாட்டு வீரர்கள் போடும் தையல் குறைந்த பாலியஸ்டர் டைட்ஸ் போட்டால் பாதி எரிச்சல் போய்விடும். வெயில் காலத்தில் சீட் மேல் வலைபோன்ற மெஷ் உறை ஒன்று கட்டிக்கொள்கிறேன். விலை குறைவு, காற்று உள்ளே புகும், வெயிலில் நின்ற சீட்டும் சுடாது. வார்களை இறுக்கிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது நகரும்.

பின்னால் உட்காருகிறவரைக் கேட்காமல் சீட் செய்யாதீர்கள். என் மனைவியின் குறை வேறு: "முன்னாடி சரியுதுங்க, நீங்க பிரேக் போட்டா உங்க மேலயே வந்துர்றேன்." பின்சீட்டைச் சமதளமாக்கி, பின் ஓரத்தில் லேசாக ஒரு மேடு வைத்ததும் அது தீர்ந்தது. இருவர் போகும்போது பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) ஒருபடி ஏற்றுவதையும் மறக்கக்கூடாது. ஸ்பிரிங் அடியில் இடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பஞ்சும் காப்பாற்றாது.

இப்போது சீட்டின் நிலைமை: உட்காருமிடத்தில் பஞ்சு அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, உட்காரும்போது அது தெரியவில்லை. ரெக்சின் இடது முன்மூலையில், கால் போட்டு ஏறும் பக்கம், வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஓரத் தையல் வழியே தண்ணீர் கசிந்தது, பிளாஸ்டிக் தாள் இருந்ததால் பஞ்சு ஊறவில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் உறையை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், பஞ்சில் கை வைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.